நெடுந்தொலைவுச் சுடுதலில் காற்றுக் கணிப்பு

நெடுந்தொலைவுச் சுடுதலில் காற்றுக் கணிப்பு என்பது, துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட குண்டை வழியில் வீசும் காற்று எவ்வளவு விலக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அதற்கேற்பக் குறியை மாற்றிக்கொள்ளும் முறையாகும். இலக்குச் சுடுதலில் குண்டின் பாதையை மாற்றும் காரணிகள் பல. அவற்றுள் புவியீர்ப்பு மாறாதது. ஒரு தொலைவில் குண்டு எவ்வளவு இறங்குகிறது என்பதை ஒருமுறை கண்டு எழுதிவைத்தால் போதும். காற்று அப்படிப்பட்டதன்று. அது ஒரே நிமிடத்தில் வலுக்கும், தணியும், திசையும் மாறும். எனவே திறந்தவெளிப் போட்டிகளில் புள்ளிகள் பெரிதும் காற்றினாலேயே இழக்கப்படுகின்றன.

காற்றை அளக்க விலையுயர்ந்த கருவிகள் உள்ளன. எனினும் இத்துறையின் அடிப்படைகளைத் துணி, நூல், கோணமானி, குறிப்பேடு ஆகியவற்றைக் கொண்டே கற்க முடியும். இக்கட்டுரை அத்தகைய குறைந்த செலவு முறைகளை விளக்குகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் புதுச்சேரிக்கு வடக்கே, கடலுக்கு அருகில் செம்மண் மேட்டில் அமைந்த குயிலாப்பாளையத்தின் காற்று எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

நெடுந்தொலைவு என்பதன் பொருள்

இச்சொல் சார்புடையது. பால்மா எனப்படும் பன்னாட்டுப் போட்டியில் 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் சுடுகின்றனர். 1000 கெஜம் என்பது 914 மீட்டர். ஒலிம்பிக்கில் .22 ரைபிளுக்கான தொலைவு 50 மீட்டர் மட்டுமே; ஆயினும் குண்டு செல்லும் வழி பெரும்பாலும் திறந்தவெளி என்பதால் அங்கும் காற்றைக் கணிக்க வேண்டியுள்ளது. 4.5 மி.மீ. ஏர் ரைபிளின் இலேசான பெல்லெட்டுக்கு 25 மீட்டரே நெடுந்தொலைவுதான்.

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி கூரைக்குள் நடைபெறுவதால் அதில் காற்றுக்கு வேலையில்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்திரா பெற்ற தங்கமும், 2012-இல் இலண்டனில் சென்னையில் பிறந்த ககன் நாரங் பெற்ற வெண்கலமும் இப்பிரிவைச் சேர்ந்தவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் போட்டிப் பிரிவும் இதுவே. மாறாக 2010-இல் மியூனிக்கில் தேஜஸ்வினி சாவந்த் உலக வாகையர் பட்டம் வென்ற 50 மீட்டர் படுநிலைப் பிரிவும், 2024-இல் பாரிசு ஒலிம்பிக்கில் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவும் காற்றறிவைக் கோருபவை.

வரலாறு

பறக்கும் குண்டின் மீது காற்று செலுத்தும் தடையை முதன்முதலில் முறையாக அளந்தவர் ஆங்கிலேயக் கணிதவியலாளரான பெஞ்சமின் இராபின்சு. 1742-இல் வெளிவந்த தம் நூலில், கனமான மரப்பலகை ஒன்றைத் தொங்கவிட்டு அதன்மீது சுட்டு, பலகை ஊசலாடும் அளவிலிருந்து குண்டின் வேகத்தைக் கண்டறியும் முறையை அவர் விளக்கினார். எறியூசல் எனப்படும் இக்கருவியை வெவ்வேறு தொலைவுகளில் வைத்துச் சுட்டபோது, குண்டு அதுவரை அறிஞர் எண்ணியிருந்ததைவிட மிக விரைவாக வேகம் இழப்பது தெரியவந்தது. அக்காலத்துப் பீரங்கிக் கணக்குகள் காற்றைப் பொருட்படுத்தாமல் பரவளையப் பாதையையே கொண்டிருந்தன. 1745-இல் ஆய்லர் இந்நூலைச் செருமன் மொழியில் விரிவான உரையுடன் வெளியிட்டார். 1746-இல் இராபின்சுக்கு அரச கழகத்தின் கோப்லி பதக்கம் வழங்கப்பட்டது.

குண்டு பக்கவாட்டில் விலகுவதையும் இராபின்சு ஆராய்ந்தார். இதற்கு அவர் பயன்படுத்தியது விலையுயர்ந்த கருவி எதுவுமன்று. குண்டு செல்லும் வழியில் மெல்லிய தாள் திரைகளை இடைவெளிவிட்டுத் தொங்கவிட்டு, ஒவ்வொரு திரையிலும் விழுந்த துளையின் இடத்தை அளந்தார். சுழலும் உருண்டைக் குண்டு காற்றில் வளைந்து செல்வதை இவ்வாறு கண்டறிந்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்த மேக்னசின் பெயரால் இவ்விளைவு இன்று அறியப்பட்டாலும், அவருக்கு முன்பே இராபின்சு இதைக் கண்டிருந்தார்.

இவருடைய வாழ்வின் இறுதிப் பகுதி தமிழ்நாட்டோடு தொடர்புடையது என்பது பலரும் அறியாதது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அவரைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தியது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றதால் கம்பெனியின் தலைமையிடம் அப்போது கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையில் இருந்தது. 1750-இல் அங்கு வந்து சேர்ந்த இராபின்சு காய்ச்சலுக்கு உள்ளாகி, 1751 சூலை 29 அன்று அங்கேயே இறந்தார். அக்கோட்டையின் எச்சங்கள் குயிலாப்பாளையத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தெற்கே உள்ளன.

நெடுந்தொலைவுப் போட்டிகள் 19-ஆம் நூற்றாண்டில் வளர்ந்தன. இங்கிலாந்தின் தேசிய ரைபிள் கழகம் 1860 முதல் விம்பிள்டனிலும் 1890 முதல் பிசுலியிலும் ஆண்டுதோறும் போட்டிகளை நடத்திவருகிறது. அங்கு வழங்கப்படும் கோலாப்பூர் கிண்ணம் 1871-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோலாப்பூர் அரசரின் கொடை என்பதால் இப்பெயர் பெற்றது. பால்மா கிண்ணப் போட்டி 1876-இல் நியூயார்க்குக்கு அருகிலுள்ள கிரீட்மூரில் தொடங்கியது.

விலகலின் இயற்பியல்

காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு செல்கிறது என்பதே பொதுவான எண்ணம். இது உண்மையாயின், காற்றின் வேகத்தைப் பறப்பு நேரத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்க வேண்டும். .22 குண்டு 50 மீட்டரைக் கடக்க 0.160 வினாடி எடுக்கிறது எனவும், காற்று வினாடிக்கு 2 மீட்டர் எனவும் கொண்டால் விலகல் 320 மி.மீ. ஆகும். உண்மையில் அது 12 மி.மீ. அளவே இருக்கும். ஓடையில் மிதக்கும் மரக்கட்டையைப் போலக் குண்டு காற்றோடு போவதில்லை.

உண்மையில் நிகழ்வது வேறு. சுழலும் குண்டு, தன்னை நோக்கி வரும் மொத்தக் காற்றோட்டத்துக்கு நேராக மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. குறுக்குக் காற்று இருக்கும்போது இந்த ஓட்டம் சற்றே சாய்வாக வருகிறது. ஆகவே குண்டைப் பின்னுக்கு இழுக்கும் தடையும் சாய்ந்து, அதன் ஒரு சிறு பகுதி குண்டைப் பக்கவாட்டில் இழுக்கிறது. எனவே விலகலைத் தீர்மானிப்பது குண்டு எவ்வளவு நேரம் பறந்தது என்பதன்று. தடையினால் எவ்வளவு நேரத்தை இழந்தது என்பதே. 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் படைப் பொறியாளர் டிடியன் பெயரால் அறியப்படும் விதி இதனைப் பின்வருமாறு கூறுகிறது:

விலகல் = குறுக்குக் காற்றின் வேகம் × (உண்மைப் பறப்பு நேரம் − தடையில்லாப் பறப்பு நேரம்)

தடையில்லாப் பறப்பு நேரம் என்பது தொலைவைத் தொடக்க வேகத்தால் வகுத்துக் கிடைப்பது. அடைப்புக்குள் உள்ள வேறுபாட்டைப் பின்னடைவு நேரம் எனலாம். மேற்கண்ட .22 குண்டின் தொடக்க வேகம் வினாடிக்கு 325 மீட்டர் எனில் தடையில்லாப் பறப்பு நேரம் 0.1538 வினாடி, பின்னடைவு நேரம் 0.0062 வினாடி. அதை 2 ஆல் பெருக்க 12.4 மி.மீ. கிடைக்கிறது.

இந்த 12 மி.மீ. சிறியதாகத் தோன்றலாம். 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. குண்டின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலும் புள்ளி உண்டு என்பதால், குண்டின் மையம் ஏறத்தாழ 8 மி.மீ. வரை விலகலாம். வினாடிக்கு 1 மீட்டர் காற்றில் 6 மி.மீ. விலகும் குண்டு பத்தில் ஒட்டிக்கொள்ளும். 2 மீட்டர் காற்றில் அது ஒன்பதுக்கு நழுவிவிடும். இலையை மட்டும் அசைக்கும், முகத்தில் பட்டும் படாமலும் உணரப்படும் காற்று இது. 60 குண்டுகள் கொண்ட படுநிலைப் போட்டியில் இப்படிப் பத்துக் குண்டுகள் நழுவினால் முன்னணி இடம் எட்டாத தொலைவுக்குப் போய்விடும்.

விதியிலிருந்து இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. காற்று எங்கும் ஒரே அளவில் வீசினால், வழியின் முதல் பாதியில் வீசும் காற்றே குறுகிய தொலைவுகளில் விலகலின் முக்கால் பங்குக்குக் காரணமாகிறது. தொடக்கத்தில் ஏற்பட்ட சிறு கோணம் இலக்கு வரை வளர்ந்துகொண்டே போவதே இதற்குக் காரணம். இலக்கின் அருகில் உள்ள கொடியை மட்டும் உற்றுப் பார்ப்பது தொடக்கநிலையினர் செய்யும் பெரும் பிழை. பன்னாட்டுச் சுடுதல் விதிகள் 50 மீட்டர் தளத்தில் கொடிகளை 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் நடச் சொல்வது கவனிக்கத்தக்கது.

ஏர் ரைபிள் என்னும் மலிவான ஆசான்

7.62 மி.மீ. ரைபிளின் போட்டிக் குண்டு 1000 கெஜத்தில், வினாடிக்கு 1 மீட்டர் குறுக்குக் காற்றில் ஏறத்தாழ அரை மீட்டர் விலகுகிறது. கோணமாகக் கூறினால் இது ஆயிரத்தில் அரைப் பங்குக்குச் சற்றுக் கூடுதல்.

இனி 4.5 மி.மீ. பெல்லெட்டைக் கருதுவோம். தொடக்க வேகம் வினாடிக்கு 180 மீட்டர் எனவும், 25 மீட்டரைக் கடக்கும் நேரம் 0.151 வினாடி எனவும் கொண்டால், தடையில்லாப் பறப்பு நேரம் 0.139 வினாடி, பின்னடைவு நேரம் 0.012 வினாடி. வினாடிக்கு 1 மீட்டர் காற்றில் விலகல் 12 மி.மீ. இதுவும் கோணத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் அரைப் பங்கு. அதாவது 25 மீட்டரில் பெல்லெட் சுடுபவர் காற்றுக்காகக் குறியை மாற்றும் கோணம், பிசுலியில் 1000 கெஜத்தில் சுடுபவர் மாற்றும் கோணத்துக்கு மிக நெருக்கமானது. தொலைவை 50 மீட்டராக இரட்டித்தால் பெல்லெட்டின் விலகல் நான்கு மடங்குக்கும் சற்றுக் கூடுகிறது.

ஒரு பெல்லெட்டின் விலை பெருந்துளை ரைபிள் தோட்டாவின் விலையோடு ஒப்பிட இயலாத அளவு குறைவு. ஆயிரம் கெஜச் சுடுதளம் நாட்டில் எளிதில் கிட்டுவதுமில்லை. 25 மீட்டர் இடம் எங்கும் கிட்டும். ஆகவே காற்றைக் கற்க ஏர் ரைபிளே பொருத்தமானது. இந்த ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. 1000 கெஜத்தில் குண்டு ஏறத்தாழ ஒன்றரை வினாடி பறக்கிறது. வழியில் காற்று இருவேறு திசைகளில் வீசக்கூடும். அத்தகைய பல அடுக்குக் காற்றைப் படிக்கும் திறனை 25 மீட்டர் கற்றுத்தராது.

காற்றின் வேகத்தை அளத்தல்

கையில் பிடிக்கும் சுழலிக் காற்றுமானிகள் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளவை. அவை சுடுபவர் நிற்கும் இடத்துக் காற்றை மட்டுமே அளக்கின்றன. கொடி மலிவானது என்பதோடு, குண்டு செல்லும் வழியிலேயே நடப்படுவதால் பயனும் மிக்கது.

50 மீட்டர் தளத்துக்கான பன்னாட்டுக் கொடி 5 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் கொண்ட பருத்தித் துணியாலானது. பழைய வேட்டியின் கரையை நீக்கிவிட்டு இவ்வளவில் நான்கைந்து கொடிகள் வெட்டலாம். விதியில் கூறப்படும் துணியைவிட வேட்டித் துணி இலேசானது. ஆகவே அதே காற்றில் கூடுதலாக எழும். இது குறையன்று, அனைத்துக் கொடிகளும் ஒரே துணியாக இருக்க வேண்டும் என்பதே முதன்மை. கொடியைக் கம்பில் இறுகக் கட்டாமல், மிதிவண்டிச் சக்கரக் கம்பியை வளைத்து அதில் தளர்வாகத் தொங்கவிட்டால் எத்திசைக் காற்றுக்கும் திரும்பும். குண்டு செல்லும் உயரத்துக்குச் சற்றுக் கீழே கொடி இருத்தல் வேண்டும். மழையிலோ பனியிலோ நனைந்த கொடி பொய் சொல்லும்.

கொடியின் கோணத்திலிருந்து வேகத்தைக் காணப் பழைய சுடுதளங்களில் ஒரு குறுக்கு வழி வழங்கிவருகிறது. கம்பத்துக்கும் கொடிக்கும் இடையிலான கோணத்தை நான்கால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்பது கிடைக்கும் என்பர். அது அத்தளங்களின் பெரிய கொடிகளுக்கு உரியது. வீட்டில் செய்த கொடிக்குப் பொருந்தும் என்று நம்பக்கூடாது. அக்கொடிக்கு அளவீடு செய்துகொள்வதே சரி.

அளவீட்டுக்கு ஒரு மிதிவண்டியும் நிறுத்துகடிகாரமும் போதும். விடியற்காலையில் காற்று அசையாத நேரத்தில், விளையாட்டுத் திடலில் 100 மீட்டரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சீராக ஓட்ட, பின்னால் அமர்ந்தவர் கொடியைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்து அதன் கோணத்தைக் குறிக்கிறார். 100 மீட்டரை 50 வினாடியில் கடந்தால் வினாடிக்கு 2 மீட்டர். 25 வினாடியில் கடந்தால் 4 மீட்டர். போகவும் வரவும் ஓட்டிச் சராசரி எடுத்தால், இருக்கும் சிறிதளவு காற்றின் பிழையும் பெரும்பாலும் நீங்கும். கைப்பேசியில் படம் பிடித்துப் பின்னர் கோணமானியால் அளப்பது கண்ணால் மதிப்பிடுவதைவிட நம்பகமானது.

மேசைப்பந்து ஒன்றை நூலில் கட்டிக் கோணமானியில் தொங்கவிட்டும் காற்றுமானி செய்யலாம். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக வளர்வதால், நூல் சாயும் கோணத்தின் டேன் மதிப்பு வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 2.7 கிராம் எடையும் 40 மி.மீ. விட்டமும் உள்ள பந்து, வினாடிக்கு 3.7 மீட்டர் காற்றில் ஏறத்தாழ 10 பாகையும், 5.4 மீட்டரில் 20 பாகையும், 6.8 மீட்டரில் 30 பாகையும் சாய்கிறது. வினாடிக்கு 2 மீட்டருக்குக் குறைந்த காற்றில் சாய்வு 3 பாகையைத் தாண்டாது என்பதால் அங்கு இக்கருவி பயன்படாது. .22 சுடுபவருக்கு முக்கியமான காற்று அதுவே என்பதால் இதைக் கொடிக்கு மாற்றாகக் கொள்ள இயலாது. கொடியின் அளவீட்டைச் சரிபார்க்க மட்டும் உதவும்.

கருவி எதுவும் இல்லாதபோது போபோர்ட் அளவுகோல் துணைபுரியும். முகத்தில் காற்று உணரப்பட்டு இலைகள் சலசலத்தால் வினாடிக்கு 1.6 முதல் 3.3 மீட்டர். இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் அசைந்தால் 3.4 முதல் 5.4 மீட்டர். புழுதியும் தாளும் எழும்பினால் 5.5 முதல் 7.9 மீட்டர். இந்த நிலையில் தொடக்கநிலையினர் துப்பாக்கியை உறையில் இடுவது நல்லது.

வானிலை அறிக்கைகளிலும் கைப்பேசிச் செயலிகளிலும் காணப்படும் காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கு உரியது. குண்டோ ஒரு மீட்டர் அளவு உயரத்தில் செல்கிறது. திறந்த சமவெளியிலும் அவ்வுயரத்துக் காற்று, 10 மீட்டர் உயரத்துக் காற்றைவிடக் கணிசமாகக் குறைவு; புதர்களும் வேலிகளும் இருந்தால் இன்னும் குறையும். பனை உச்சியின் ஓலைகள் படபடப்பதைக் கண்டு குறியை மாற்றுவோர் அதே பிழையையே செய்கின்றனர்.

திசையும் கூறும்

காற்று வரும் திசையால் பெயரிடப்படுகிறது. வலப்புறக் காற்று என்பது வலமிருந்து வருவது. அது குண்டை இடப்புறம் விலக்கும். தமிழில் கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், மேற்குக் காற்றைக் கோடை என்றும், வடக்குக் காற்றை வாடை என்றும், தெற்குக் காற்றைத் தென்றல் என்றும் வழங்குவதும் வரும் திசையைக் கொண்டே. இலங்கைத் தமிழில் கச்சான், சோழகம் ஆகிய பெயர்களும் வழங்குகின்றன.

காற்று நேர்க்குறுக்காக வீசாதபோது அதன் ஒரு கூறு மட்டுமே குண்டை விலக்கும். சுடும் திசைக்கு 30 பாகை சாய்வில் வரும் காற்றில் பாதியும், 45 பாகையில் பத்தில் ஏழு பங்கும், 60 பாகையில் ஏறத்தாழ ஒன்பது பங்கும் கணக்கில் வரும். 60 பாகைக்கு மேல் முழுக் காற்றாகவே கொள்ளலாம். மிகவும் தொல்லை தருவது நேர் எதிரே வீசி இருபுறமும் சற்றே அலையும் காற்று. 15 பாகை வலத்திலிருந்து 15 பாகை இடத்துக்குத் திரும்பினால் வேகத்தின் கால் பங்கு அளவு முதலில் ஒருபுறமும் பின்னர் மறுபுறமும் இழுக்கும்.

குறுக்குக் காற்று குண்டை மேலும் கீழும் கூடச் சிறிதளவு நகர்த்துகிறது. வலச்சுழற்சி உடைய துப்பாக்கியில் வலப்புறக் காற்று குண்டை இடப்புறமும் சற்று மேலேயும், இடப்புறக் காற்று வலப்புறமும் சற்றுக் கீழேயும் கொண்டுசெல்லும். .22 இலக்குத் தாள்களில் துளைகள் கடிகாரத்தின் 10 மணி முதல் 4 மணி வரை சாய்கோடாக விழுவதற்கு இதுவே காரணம். தாளில் இத்தகைய சாய்கோட்டைக் கண்டால் குறை துப்பாக்கியில் இல்லை, காற்றைப் படித்ததில்தான் என்று கொள்ளலாம்.

கானல்

வெயில் நேரத்தில் தரையிலிருந்து எழும் கானல் ஒரு செலவில்லாத கொடி. தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்னே குவியப்படுத்திப் பார்த்தால் காற்று ஓடும் திசையில் கானலும் ஓடுவது தெரியும். கானல் நேராக மேலெழுந்து கொதித்தால், ஒன்று காற்று இல்லை அல்லது அது நேர் முன்னோ பின்னோ வீசுகிறது. அது பெரும்பாலும் திசைமாற்றத்துக்கு முந்திய நிலை என்பதால் அனுபவம் உள்ளோர் அப்போது சுடுவதில்லை. காற்று வினாடிக்கு 5 மீட்டர் அளவை எட்டும்போது கானல் தட்டையாகிப் பின்னர் மறைந்துவிடும். கொடி சோம்பி நிற்கும் மென்காற்றையும் கானல் காட்டிவிடும் என்பது இதன் சிறப்பு.

குயிலாப்பாளையம் வட்டாரக் காற்று

சோழமண்டலக் கடற்கரையின் காற்று ஒரே நாளில் திசை மாறும் இயல்புடையது. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று வீசுகிறது. நண்பகலை ஒட்டி நிலம் சூடேறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ புகுகிறது. மேல்காற்று வலுவாக உள்ள சூன், சூலை நாள்களில் கடற்காற்று தாமதமாகலாம். சில நாள் வராமலும் போகலாம். அக்டோபர் முதல் திசெம்பர் வரை வடகிழக்குக் காற்று மேலோங்குகிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் உள்ள குயிலாப்பாளையத்தில் இம்மாற்றம் உள்நாட்டிலுள்ள திண்டிவனத்தைவிட முன்னதாகவே உணரப்படும்.

இது ஜீரோ செய்வதை, அதாவது துப்பாக்கியின் குறியை இலக்கோடு பொருத்துவதை, நேரடியாகப் பாதிக்கிறது. வடக்கு நோக்கி 25 மீட்டரில் பெல்லெட் சுடுபவர் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு வினாடிக்கு 2 மீட்டர் மேல்காற்றில் ஜீரோ செய்கிறார் எனக் கொள்வோம். இடமிருந்து வரும் அக்காற்று பெல்லெட்டை 24 மி.மீ. வலப்புறம் விலக்குகிறது. அவர் அதை அறியாமல் குறியை 24 மி.மீ. இடப்புறம் திருப்பிவிடுகிறார். பிற்பகலில் வினாடிக்கு 4 மீட்டர் கடற்காற்று வலமிருந்து வருகிறது. அது 48 மி.மீ. இடப்புறம் விலக்கும். காலைத் திருத்தமும் சேர்ந்து பெல்லெட் 72 மி.மீ. இடப்புறம் விழுகிறது. துப்பாக்கி பழுதாகிவிட்டது என்று பட்டறைக்கு எடுத்துச்செல்லும் பலருடைய சிக்கல் இதுவே. விடியலை ஒட்டிக் கொடி அசையாத அரைமணி நேரத்தில் மட்டுமே ஜீரோ செய்து, அந்த அளவைக் குறியில் வண்ணப்பூச்சால் அடையாளமிடுவது இதற்கு மருந்து.

சுடும் திசையைத் தேர்ந்தெடுப்பது எல்லாவற்றிலும் செலவு குறைந்த திருத்தம். கிழக்கு மேற்காகச் சுடுதளம் அமைந்தால் காலைக் காற்றும் மாலைக் காற்றும் நேர் முன்னும் பின்னுமாக வீசி, விலகல் பெரிதும் குறையும். ஆனால் காலையில் கிழக்கு நோக்கினாலும் மாலையில் மேற்கு நோக்கினாலும் கதிரவன் கண்ணைக் கூசச்செய்யும். காற்றைக் கற்க வேண்டும் என்பவர் வேண்டுமென்றே வடக்கு நோக்கி அமைத்துக்கொள்வர்.

முந்திரித் தோப்புகளும் மரவேலிகளும் நிறைந்த நிலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மர வரிசையின் மறைவில் கொடி தொங்கிக் கிடக்க, வரிசை முடியும் இடைவெளியில் காற்று பீறிட்டு வரும். மழைநீர் அரித்த செம்மண் ஓடைகளும் காற்றைத் தம் போக்கில் திருப்பும். இத்தகைய இடங்களில் கொடியை நட வேண்டியது இடைவெளிக்கு நேரேதான். சவுக்குத் தோப்பின் ஓசை பயனுள்ள முன்னறிவிப்பு. காற்று வலுக்கும் ஒலி, கொடி எழுவதற்கு ஒருசில வினாடிகள் முன்பே கேட்கும். ஆரோவில் பகுதியில் நீர் இறைக்க நிறுவப்பட்ட பலஇதழ்க் காற்றாலைகளின் வால், திசையைத் தொலைவிலிருந்தே காட்டும்.

சுடும் முறைகள்

காற்றை மதிப்பிட்டபின் அதைக் கையாள மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஒரு குறிப்பிட்ட காற்றுநிலையைத் தேர்ந்து, அந்நிலை திரும்பும்போது மட்டும் சுடுவது. இதற்குக் கணக்கு வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். படுநிலைப் போட்டியில் 60 குண்டுகளுக்கு 50 நிமிடம் என்பதால் வரம்பின்றிக் காத்திருக்கவும் இயலாது. இரண்டாவது, குறிக்கருவியின் திருகைக் கிளிக் கணக்கில் திருப்புவது. காற்று நிலையாக மாறிவிட்டபோது இது ஏற்றது. மூன்றாவது, கருவியைத் தொடாமல் இலக்கின் ஓரத்தைக் குறிவைப்பது. விரைவானது என்றாலும் எளிதில் தவறும். தொடக்கநிலையினர் முதல் வழியிலேயே ஓராண்டு கழிப்பது வீண்போகாது.

குறிப்பேடு இல்லாமல் இவற்றுள் எதுவும் பயன் தராது. ஒவ்வொரு குண்டுக்கும் கொடியின் கோணம், திசை, குண்டு விழுந்த இடம் ஆகியவற்றை எழுதவேண்டும். மி.மீ. கட்டமிட்ட வரைபடத்தாளையே இலக்காகப் பயன்படுத்தினால் அளவுகோலும் தேவையில்லை. ஐம்பது அறுபது குண்டுகளுக்குப் பின், விலகலைக் காற்றின் குறுக்குக் கூறால் வகுத்துச் சராசரி எடுத்தால், அந்தத் துப்பாக்கிக்கும் அந்தப் பெல்லெட்டுக்கும் அந்தத் தொலைவுக்கும் உரிய எண் கிடைக்கும். மேலே கண்ட எடுத்துக்காட்டில் அது 12. பெட்டியில் அச்சிட்ட வேகத்தையோ இணையத்தில் கிடைக்கும் இலவசக் கணிப்பிகளையோ விட இந்த எண் நம்பத்தக்கது. ஏனெனில் கொடியின் அளவீட்டில் உள்ள பிழையும் இந்த எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே கொடியைத் தொடர்ந்து பயன்படுத்தும் வரை அப்பிழை குறியைப் பாதிப்பதில்லை. பெல்லெட்டின் வகையை மாற்றினால் எண்ணையும் புதிதாகக் காணவேண்டும்.

வெப்பம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைவதால் விலகலும் குறையும். 25 பாகை செல்சியசுக்கும் 40 பாகைக்கும் இடையே அடர்த்தி வேறுபாடு ஏறத்தாழ 5 விழுக்காடே. கொடியைப் படிப்பதில் ஏற்படும் பிழை இதைவிடப் பெரிது என்பதால் சிறு தொலைவுகளில் இதைப் புறக்கணிக்கலாம்.

சட்டமும் பாதுகாப்பும்

இந்தியாவில் துப்பாக்கிகள் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்துக்கு உட்பட்டவை. 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, துளை 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ வெளியேறும் ஆற்றல் 20 சூலைத் தாண்டினாலோ ஏர் ரைபிளுக்கும் உரிமம் வேண்டும். .22 ரைபிளுக்கு உரிமம் கட்டாயம். மாணவர்கள் பலர் .22 ரைபிளை முதலில் கையில் எடுப்பது தேசிய மாணவர் படையின் வழியாகவே. காட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் சுடுவது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகும்.

உரிமம் வேண்டாத பெல்லெட்டும் கண்ணைப் பறிக்க வல்லது. நூறு மீட்டருக்கும் அப்பால் செல்லக்கூடியது. தோப்புகளில் முந்திரிக்கொட்டை பொறுக்குவோரும் ஆடு மேய்ப்போரும் எந்நேரமும் நடமாடுவர். எனவே இலக்குக்குப் பின்னே ஆள் உயரத்துக்கு மேற்பட்ட மண்மேடு இல்லாத இடத்தில் சுடக்கூடாது. மண் நிரப்பிய சாக்குகளை இரண்டு அடுக்காக அடுக்கி அத்தகைய மேட்டை அமைக்கலாம். காற்றுக்காகக் குறியை மாற்றும்போதும் குறி அம்மேட்டின் எல்லைக்குள்ளேயே இருத்தல் வேண்டும். 25 மீட்டரில் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள மேடு இதற்குப் போதுமானது. கொடிகளை நடவும் எடுக்கவும் செல்லும்போது துப்பாக்கி குண்டு நீக்கித் திறந்த நிலையில் தரையில் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.